தரைக் கம்பி, பறக்கும் கம்பி

ஆகஸ்ட் 20, ஞாயிறு

காலை வெறும் வயிற்றில் சர்க்கரை 142. தினமும் எழுதி வைக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு. அதற்காகத்தான் இந்த டைரியை எடுத்தேன். நகைக்கடையில் இனாமாகக் கொடுத்தது, பக்கத்துக்குப் பக்கம் ஆரம் போட்ட பெண் சிரிக்கிறாள். சர்க்கரை ஒரு மூலையில் முடிந்துவிடுகிறது, மீதிப் பக்கம் சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்கிற எதையும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஆகவே எழுதுகிறேன். சர்க்கரை எனக்கு இல்லை, என் வீட்டுக்காரருக்கு. பெயர் தனுஷ்கோடி. பாய்லர் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். நான் செண்பகவல்லி. எனக்கு ஒரு வியாதியும் கிடையாது, வாய் மட்டும் கொஞ்சம் நீளம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். திருவெறும்பூரில் சொந்த வீடு. ஒரே மகள் சாருமதி, புனேயில் இருக்கிறாள்.

இவருக்கு பிளாஸ்டிக் விமானம் கட்டுகிற பைத்தியம். பெட்டியில் துண்டுகள் சட்டம் சட்டமாக வரும். வெட்டி, உரசி, ஒட்டி, பெயின்ட் அடித்து நிறுத்தினால் அசல் விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. ஹாலில் கண்ணாடி அலமாரி முழுக்க அதுதான். வருகிறவர்கள் "பேரனுக்கா?" என்று கேட்பார்கள். அப்போது இவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

பொங்கலுக்குப் பிறகு எதையும் தொடாமல் இருந்தவர் இன்று தானாகவே ஒரு பெட்டியைப் பிரித்தார். டைகர் மாத். அந்தக் காலத்தில் விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கான விமானமாம். மேலே ஒரு இறக்கை, கீழே ஒரு இறக்கை, இரண்டுக்கும் நடுவில் கம்பி. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஏன் நிம்மதி என்று எழுதுவதாக இல்லை.

ஆகஸ்ட் 24

சர்க்கரை 150. ட்வீசரைக் காணோம் என்று காலை முழுக்கத் தேடினார். ஃபிரிட்ஜில் முட்டை வைக்கிற தட்டில் இருந்தது.

"இங்க எப்படிங்க வந்துச்சு?"

"சூடா இருந்துச்சு, அதான்" என்றார்.

ஆகஸ்டிலும் திருச்சி வெயில் அப்படித்தான் அடிக்கிறது. இட்லிக்கு மாவு ஆட்டி வைத்தேன்.

செப்டம்பர் 2

சாருமதி போன் செய்தாள். ஸ்டேஷன் விஷயம் அவள் காதுக்குப் போய்விட்டது. எதிர்வீட்டுக்காரிக்கு அதைவிட வேறு வேலை என்ன இருக்கிறது.

நடந்தது இதுதான். போன மாதம் பால் வாங்கப் போனவர் திரும்பவில்லை. ரயில்வே ஸ்டேஷனில் பிளாட்பார பெஞ்சில் பால் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். தெரிந்த ஆட்டோக்காரர் கூட்டிவந்து விட்டார். கால் வலிக்கு உட்கார்ந்திருப்பார். மனுஷன் உட்காரக்கூடாதா?

சாருமதி ஒரே பிடியாக நிற்கிறாள். புனேயில் அவள் வீட்டுப் பக்கத்திலேயே பெரியவர்களைப் பார்த்துக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறதாம். அப்பா அங்கே, நான் அவளோடு.

"நீ தினமும் போய்ப் பாத்துட்டு வரலாம்மா. நடந்து போற தூரம்தான்."

"தினமும் போய்ப் பாத்துட்டு வர்றதுக்கு உங்கப்பா என்ன ஆஸ்பத்திரியில பிள்ள பெத்துக் கெடக்காரா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அழுதாள். அவள் அழுதால் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் நானும் அழுதுவிடுவேன். "உங்கப்பாவுக்கு ஒண்ணும் இல்ல, டைகர் மாத் கட்டிக்கிட்டிருக்கார்" என்று சொன்னேன். சின்ன வயதில் இவர் மடியில் உட்கார்ந்து அந்த வேலையெல்லாம் பார்த்து வளர்ந்தவள் அவள்.

"கம்பியும் அப்பாவேதான் கட்டுவாரா?"

"வேற யாரு கட்டுவா?"

"சரிம்மா. மனசு சரியா இல்லாத ஆளால அந்தக் கம்பிய கட்ட முடியாது. தீபாவளிக்கு வர்றேன். அப்பா அதை முடிச்சுக் காட்டட்டும், அப்புறம் நான் வாயைத் திறக்கல."

நாற்பத்தோரு வருஷமாக ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம். இனிமேல் பார்வை நேரம் வைத்துப் பார்த்துக்கொள்வதா? அது நடக்காது.

செப்டம்பர் 10, ஞாயிறு

அருள்தாஸ் சர்ச் முடிந்து நேராக வந்தார். கம்பெனியில் இவருக்குக் கீழே இருந்தவர், விமானக் கிறுக்கும் இவரிடமிருந்து ஒட்டிக்கொண்டதுதான். இவர் டைகர் மாத்தைக் கொண்டுவந்து காட்டினார். இறக்கை ஒட்டி, வெள்ளி நிறம் அடித்து, இடப்பக்கம் கம்பியும் கட்டியிருந்தார். அருள்தாஸ் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லா இருக்குண்ணே" என்றார்.

பிறகு "அண்ணி, தண்ணி குடுங்க" என்று சமையலறைக்கு வந்தார். தண்ணீர் சொம்பு அவர் கையிலேயே இருந்தது.

"அண்ணன் கட்டியிருக்கிற கம்பியைப் பாத்தீங்களா அண்ணி?"

"பாத்தேன். அதுக்கென்ன?"

"எல்லாம் நடுவுல மேல இருந்து ஓரத்துல கீழதான் வருது. கீழ இருந்து மேல போறது ஒண்ணுகூட இல்ல." குரலைத் தணித்துக்கொண்டார். "விமானம் தரையில நிக்கும்போது இறக்கை தொங்கிராம மேல இருந்து பிடிக்கும்ல, அது தரைக் கம்பி. ஒத்தையா வரும். பறக்கும்போது காத்து இறக்கைய மேல தூக்கும். அப்ப கீழ இருந்து இழுத்துப் பிடிக்கிறது பறக்கும் கம்பி. அது ரெட்டையா வரும். ரெண்டும் குறுக்க பெருக்கல் குறி மாதிரி வரணும். அண்ணன் கட்டுனது தரையில நிக்கும் அண்ணி. மேல ஏறுச்சுன்னா இறக்கை மடங்கிரும்."

"இது எங்க ஏறப் போகுது? அலமாரியிலதான நிக்கப் போகுது."

அருள்தாஸ் சிரிக்கவில்லை. "எனக்கு இதச் சொல்லிக் குடுத்ததே அண்ணன்தான்" என்றார்.

கண்ணாடி பவர் மாற்ற வேண்டும், வெள்ளெழுத்து ஜாஸ்தியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். "சரி அண்ணி" என்று போனார். அவர் நம்பவில்லை என்பது முதுகிலேயே தெரிந்தது.

செப்டம்பர் 11

கண் டாக்டரிடம் போனோம். பவர் மாறவில்லை என்கிறார். இந்தக் காலத்து டாக்டர்களுக்கு என்ன தெரிகிறது.

மதியம் இவர் படுத்த பிறகு அலமாரியிலிருந்து பழைய விமானம் ஒன்றை எடுத்து, டைகர் மாத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெருக்கல் குறி. இவர் கட்டியதில் வெறும் சாய்ந்த கோடுகள், மழை பெய்கிற மாதிரி. எனக்கே தெரிகிறது என்றால் சாருமதிக்குப் பார்த்தவுடன் தெரியும். தெரிந்தால் அன்றைக்கே டிக்கெட் போடுவாள்.

செப்டம்பர் 14

கம்பி என்று சொன்னாலும் அது கம்பி இல்லை. துண்டுகளை வெட்டியபிறகு மிஞ்சுகிற பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவத்தியில் காட்டி, இளகும் நேரம் பார்த்து இரண்டு கையாலும் இழுத்தால் தலைமுடி மாதிரி நூல் வரும். அதைத்தான் நறுக்கி ஒட்டுவார்கள். இவர் இழுப்பதைக் காலம் காலமாகப் பார்த்திருக்கிறேன். பார்ப்பது வேறு, செய்வது வேறு. முதல் இழுப்பு கயிறு மாதிரி வந்தது. அடுத்தது அறுந்து மெழுகில் விழுந்தது. விரலைச் சுட்டுக்கொண்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. இது பாகு. அதிரசத்துக்கு வெல்லப் பாகு காய்ச்சும்போது விரலில் தொட்டு இழுத்துப் பார்க்கிற அதே பதம். அவசரப்பட்டால் வராது, விட்டுவிட்டால் முறுகிவிடும். அந்தப் பதம் எனக்குத் தெரியாதா? அதற்குப் பிறகு இழுத்ததெல்லாம் ஒரே சீராக வந்தது. கர்வமாகத்தான் இருந்தது, இல்லை என்று எதற்குச் சொல்ல வேண்டும்.

ஒட்டுவதுதான் உயிரை எடுக்கிறது. ஊசி நுனியில் பசை தொட்டு, ட்வீசரில் நூலைப் பிடித்து, மூச்சை அடக்கி வைக்க வேண்டும். தொய்வாக இருந்தால் ஊதுபத்தியைக் கொளுத்தி அதன் கனலைக் கிட்டே கொண்டுபோனால் போதும், நூல் சுருங்கி விண்ணென்று நிற்கும். ஒரு இழை கூடக் கிட்டே போனால் போச்சு, அறுந்துவிடும். இரண்டை அறுத்தேன். மூன்றாவது நின்றது.

செப்டம்பர் 18

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை செய்தேன். சர்க்கரை பார்க்கவில்லை, பார்த்து என்ன ஆகப் போகிறது.

செப்டம்பர் 29

இப்போது ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டது. காலையில் இவர் உட்கார்ந்து ஏதோ கட்டுகிறார். மதியம் சாப்பிட்டுப் படுக்கிறார். நான் போய் அதைப் பிரித்துச் சரியாகக் கட்டுகிறேன். சாயங்காலம் எழுந்துவந்து லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு நல்லா வந்திருக்கு" என்கிறார். "உங்க கை ஆச்சே" என்கிறேன்.

என் கஷ்டம் தெரியாமல் இவர் செய்கிற அசட்டைக்கு அளவில்லை. பசைக் குப்பியை மூடாமலே போய்ப் படுத்துக்கொள்கிறார். காய்ந்து போகாதா? ஊதுபத்தியும் தீப்பெட்டியும் மேஜையிலேயே கிடக்கின்றன. எப்படிக் கட்டுவது என்று காட்டுகிற படத்தாள்கூட நான் உட்காருகிற பக்கமாகத் திரும்பி இருக்கிறது. தலைகீழாக வைத்துக்கொண்டா பார்த்தார்? அதனால்தான் தப்பாகக் கட்டுகிறாரோ என்னவோ.

இருமல் வேறு பிடித்திருக்கிறது. எழுந்து வருவதற்கு முன்னால் கட்டிலில் இருந்தே பலமாக இருமுகிறார். எனக்கு ஒருவிதத்தில் அது சௌகரியம், கையில் இருப்பதை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போக நேரம் கிடைக்கிறது. கற்பூரவல்லி இலை போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். "இப்ப எதுக்கு?" என்கிறார். எதுக்காம்.

அக்டோபர் 9

கேஸ் வந்தது. சர்க்கரை 138. வலப்பக்க இறக்கை ஆரம்பம். இவர் இன்று கட்டவே இல்லை, சும்மா கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, வேலை ஓடலயா?"

"நீ போ செண்பகம், நான் பாத்துக்கறேன்" என்றார். குரல் என்னவோ போல இருந்தது.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. வருஷா வருஷம் இவருடைய சாமான்கள்தான் பூஜையில் முதல். கத்தி, ட்வீசர், அரம், பிரஷ் எல்லாவற்றையும் துடைத்துத் தாம்பாளத்தில் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைப்பார். அன்று முழுக்க எதையும் தொடக்கூடாது. விமானத்துக்கு மட்டும் பொட்டு வைக்க விடமாட்டார். ஒரு வருஷம் சாருமதி சின்ன விரலால் ஒன்றுக்குக் குங்குமம் வைத்துவிட்டாள், அன்றைக்கு வீடே இரண்டுபட்டது. "லாரியாடி இது, பொட்டு வைக்க?" என்று கத்தினார்.

நான் சுண்டலைத் தாளித்துக்கொண்டு வந்தபோது தாம்பாளம் அப்படியே இருந்தது. ஒன்றிலும் பொட்டு இல்லை. இவர் டைகர் மாத்தை மடியில் வைத்துக்கொண்டு, மேல் இறக்கை முழுக்கச் சந்தனத்தை அப்பி, அதற்குமேல் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். பட்டை பட்டையாக. வெள்ளிப் பெயின்டில் சிவப்பு இறங்கிக்கொண்டிருந்தது. நான் கட்டிய கம்பி இரண்டு அறுந்து தொங்கியது.

என் முகத்தைப் பார்த்தார். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"தப்பா வெச்சுட்டேனா?"

"இல்லங்க. நல்லாத்தான் இருக்கு."

"திட்ட மாட்டியா?"

"எதுக்குத் திட்டணும்? சுண்டல் சாப்பிடுங்க."

கொல்லைப்புறம் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதேன். இந்த மனுஷன் என்னிடம் கத்தினால் போதும் என்று இருந்தது. ஒரே ஒரு தடவை, லாரியாடி இது என்று கத்தினால் போதும்.

அக்டோபர் 24

குங்குமக் கறை போகவில்லை. பூஜையில் வைத்த பிரஷை எடுத்து நேற்றே பெயின்ட் அடித்துவிட்டேன். சரஸ்வதி மன்னித்தால் மன்னிக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும். இன்று அறுந்த இரண்டையும் மறுபடி கட்டினேன்.

அக்டோபர் 31

அருள்தாஸ் காரில் வந்து தில்லைநகரில் ஒரு மூளை டாக்டரிடம் கூட்டிப்போனார். சாருமதிக்குச் சொல்லவில்லை. டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார், நல்ல மாதிரி. ஒரு தாளைக் கொடுத்து, "ஐயா, ஒரு கடிகாரம் வரைஞ்சு எண்ணெல்லாம் போடுங்க" என்றார்.

இவர் வட்டம் போட்டார். கையால் போட்டது, காம்பஸ் வைத்ததுபோல அப்படி ஒரு வட்டம். டாக்டரே "அடேங்கப்பா" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கம்பெனியில் இவர் போட்ட படத்தை வைத்துத்தான் ஆளுயர பாய்லர் செய்தார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இவர் எண்களை எழுத ஆரம்பித்தார். பன்னிரண்டையும் வலப்பக்கமே எழுதினார், ஒன்றன்கீழ் ஒன்றாக, நெருக்கி நெருக்கி. இடப்பக்கம் வெறுமையாக இருந்தது. எழுதி முடித்துவிட்டு என்னைத்தான் பார்த்தார், சரியா என்று கேட்கிற மாதிரி. நான் தலையை ஆட்டினேன்.

டாக்டர் ஒரு பெயர் சொன்னார். இங்கே எழுதப் போவதில்லை. இனி குறையாது, மெதுவாக அதிகமாகிக்கொண்டுதான் போகும் என்றார். "உங்களையே ஒருநாள் அடையாளம் தெரியாமப் போகலாம்மா, மனசைத் தயார் பண்ணிக்குங்க" என்றார். எப்படித் தயார் பண்ணுவது என்று அவர் சொல்லவில்லை.

வரும் வழியில் வாழைக்காய் வாங்கினேன்.

நவம்பர் 12, தீபாவளி

சாருமதி நேற்றுக் காலை வந்தாள். எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச்சட்டை போட்டுக்கொண்டு இவர் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். காலையில் மனசும் தெளிவாக இருந்தது. நானே போய்ச் சொல்லும்முன் டைகர் மாத்தை எடுத்துவந்து மகள் கையில் கொடுத்தார்.

ஜன்னல் வெளிச்சத்தில் லென்ஸ் வைத்து அவள் பார்த்தாள். நான் கையில் முறுக்குத் தட்டோடு நின்றேன். பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி இருந்தேன், இந்த வயதில்.

"எல்லாம் சரியா இருக்குப்பா. ரெட்டைக் கம்பி, ஒத்தக் கம்பி எல்லாம்." இன்னும் கிட்டே கொண்டுபோனாள். "மேல ஒட்டுன இடத்துல பசை கொஞ்சம் பொட்டு பொட்டாத் தெரியுதே. நீங்க இப்படி விட மாட்டீங்களே."

அது என் பசை. எத்தனை தடவை துடைத்தும் அந்தப் பொட்டு எனக்கு அடங்கவில்லை.

இவர் சிரித்தார். "வயசாச்சுல்லம்மா. கை முந்தி மாதிரி இல்ல. ஆனா கட்டுனவரைக்கும் ஒரு தப்பு இருக்கான்னு பாரு."

என்ன சமயோசிதம். தான் செய்யாத ஒன்றைத் தான் செய்ததாக நம்பிக்கொண்டு எவ்வளவு அழகாகச் சமாளிக்கிறார். சாருமதி அவர் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். என்னைப் பார்க்கவில்லை.

நவம்பர் 15

சாருமதி கிளம்பிவிட்டாள். "நான்தான் அவசரப்பட்டுட்டேன்மா. நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருங்க" என்றாள். ஜெயித்துவிட்டேன். ரயில் போனபிறகு பிளாட்பாரத்தில் இவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "யாரு போறாங்க?" என்று கேட்டார்.

நவம்பர் 26

காபி கொடுத்தேன். "ரொம்ப நன்றிங்க" என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து இந்த வார்த்தையைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டதுண்டு. இப்படி வரும் என்று நினைக்கவில்லை.

டிசம்பர் 4

அருள்தாஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, டைகர் மாத் மாதிரியே மேலும் கீழும் இறக்கை உள்ள ஒரு பிரெஞ்சு விமானத்தை இவரோடு உட்கார்ந்து ஒட்டுகிறார். இறக்கை வரைக்கும் வந்தாயிற்று. மேஜை முன்னால் உட்கார்ந்தால்தான் இவர் அமைதியாக இருக்கிறார், அதனால் விடவில்லை.

டிசம்பர் 11

"செண்பகம் எங்க?" என்று கேட்டார். "இதோ இருக்கேனே" என்றேன். வேற்று மனுஷி கிண்டல் செய்தால் சிரிப்பது போல மரியாதைக்குச் சிரித்தார். நான் போய்க் குக்கரை இறக்கினேன்.

டிசம்பர் 20, புதன்

சர்க்கரை பார்க்கவில்லை.

மதியம் சாப்பிட்டுவிட்டு இவர் படுக்கவில்லை. மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சு விமானம் கம்பி இல்லாமல் எதிரே நின்றது. நான் பாத்திரம் கழுவிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே போனேன். நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க, வாங்க. உங்களைத்தான் எதிர்பாத்துக்கிட்டிருக்கேன். உக்காருங்க."

எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன்.

"அந்த டைகர் மாத்துல கம்பி கட்டுனது நீங்கதான?"

மேஜையில் கிடந்த தீப்பெட்டியை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

"எனக்குத் தெரியும். கண்ண மூடிப் படுத்திருப்பேன், ஊதுபத்தி வாசனை வரும். வந்துட்டாங்கன்னு நினைச்சுக்குவேன். நல்ல கைங்க உங்களுக்கு. எனக்கு எது மேல போகுது, எது கீழ வருதுன்னு இப்பல்லாம் தலையில நிக்க மாட்டேங்குது." விமானத்தை என் பக்கம் நகர்த்தினார். "இதையும் நீங்கதான் முடிச்சுக் குடுக்கணும். ஒரே ஒரு விஷயம்."

வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரலைத் தணித்தார்.

"எங்க வீட்டம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. நான்தான் எல்லாம் கட்டுறேன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. அப்படியே நினைச்சுக்கட்டும்."

"தெரிஞ்சா திட்டுவாங்களா?" என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"திட்டுனாப் பரவாயில்லைங்க. திட்ட மாட்டா. கொல்லைப்பக்கம் போயி உக்காந்து அழுவா. வாய்தான் அவளுக்குப் பெருசு, மனசுல தெம்பு ஒண்ணுமில்ல. நான் இப்படி ஆயிட்டேன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா. அவளுக்காகத்தான் தினமும் வந்து இங்க உக்காருறேன். இல்லேன்னா எனக்கு இது எதுக்கு?"

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா சொல்ல மாட்டேங்க. அவங்க எங்க இப்ப?"

"கடைக்குப் போயிருக்கா. வந்துருவா. அதுக்குள்ள ஒரு பக்கமாச்சும் முடிச்சிருங்க."

முடித்தேன். அழுதால் கை நடுங்கும் என்பதால் அழவில்லை. நான் ட்வீசரைக் கொண்டுபோகும் இடத்துக்கெல்லாம் தக்கபடி அவர் விமானத்தைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொடுத்தார். இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு விமானம் கட்டியது இதுதான் முதல் தடவை. கடைசிக் கம்பி விண்ணென்று நின்றதும், "நீங்க கிளம்புங்க. அவ வர்ற நேரம்" என்றார்.

எழுந்தேன். சமையலறையில் துணிப்பையை எடுத்துக்கொண்டு, பின்கதவு வழியாக இறங்கி, சந்து சுற்றித் தெருவுக்குப் போனேன். தெருமுனையில் மின்சாரக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். எதிர்வீட்டுக்காரி பார்த்தாள், பார்த்துவிட்டுப் போகட்டும். தள்ளுவண்டியில் ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன். கேட்டைச் சத்தம் வரும்படி திறந்தேன்.

செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வந்துட்டியா செண்பகம்?"

என் பெயர். எத்தனை நாளாயிற்று அவர் என்னை அப்படிக் கூப்பிட்டுக் கேட்டு. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அங்க என்ன பண்ற? இங்க வந்து பாரு."

போனேன். விமானத்தை இரண்டு கையாலும் ஏந்திக் காட்டினார். குனிந்து பார்த்தேன். கீழிருந்து மேலே இரட்டை, மேலிருந்து கீழே ஒற்றை, எல்லாம் சரியாக இருந்தன.

"நீங்களே கட்டுனீங்களா?"

"பின்ன? வேற யாரு கட்டுவா?"

"நல்லா வந்திருக்குங்க" என்றேன்.

என்னைப் பார்த்தார். என்னையேதான் பார்த்தார். ஏமாற்றத் தெரியாதவர் ஏமாற்றி ஜெயித்துவிட்டால் வருகிற சந்தோஷம் அந்த முகத்தில் இருந்தது. பிறகு பையை வாங்கிப் பார்த்து, "திரும்பவும் முருங்கைக்கீரையா?" என்று முகத்தைச் சுளித்தார். இரண்டு பேரும் உட்கார்ந்து கீரை ஆய்ந்தோம். பாதியிலேயே, "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டார்.

வலப்பக்க இறக்கை பாக்கி இருக்கிறது. துணிப்பையைப் பின்கதவு ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். நாளைக்கும் கடைக்குப் போக வேண்டும்.